கட்டுநாயக்காவில் காத்திருக்கும் நேரம்

‘டிரான்சிட்’ என்னும் சொல் இன்று அபிஷேகப்பாக்கத்திலும் தவளக்குப்பத்திலும் பாகூரிலும் பாட்டிமார் வாயில்கூடச் சரளமாகப் புழங்குகிறது. ‘மகன் வீட்டுக்குப் போகிறேன், கொழும்பிலே எட்டு மணி நேரம் டிரான்சிட்’ என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்த விமானம் ஏறும்வரை நடுவழியில் காத்துக் கிடக்கும் நேரத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். அந்த எட்டு மணி நேரத்தைப் பயணிகள் பெரும்பாலும் எப்படிக் கழிக்கிறார்கள்? நாற்காலியில் சாய்ந்து, பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, கட்டிக் கொண்டுபோன இட்லியைத் தின்றுவிட்டு, மணிக்கொரு தரம் அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்தபடி கழிக்கிறார்கள். அந்நேரத்தை வேறு விதமாகவும் செலவிடலாம் என்பதை மாணவியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நம் பகுதியினர் ஏன் இவ்வளவு பயணம் செய்கிறார்கள் என்பது பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் படித்ததுதான். புதுச்சேரியை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்ட சொல்தாக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸ் புறநகரங்களில் இருக்கிறார்கள். இலாசுப்பேட்டையிலுள்ள நம் விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1500 மீட்டர்தான். பெரிய விமானங்கள் அங்கே இறங்க முடியாது. ஆகவே சென்னைக்குப் போய், அங்கிருந்து கொழும்பு, துபாய், தோகா என்று ஏதேனும் ஓரிடத்தில் மாறித்தான் செல்ல வேண்டியிருக்கிறது.

இவற்றுள் கொழும்பு வழி நமக்கு மிக நெருங்கியது. சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரப் பயணம். ‘கொழும்பு விமான நிலையம்’ என்று சொல்கிறோமே தவிர, அது கொழும்பில் இல்லை. நகருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கட்டுநாயக்கா என்னும் இடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய விமானப் படை அங்கே ஓர் இறங்குதளம் அமைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கொழும்பு அன்று, நீர்கொழும்பு. ஏனெனில் அருகிலுள்ள ஊர் அதுதான். பத்துக் கிலோமீட்டர் தூரம். கொழும்புக்குப் போய்வர ஆசைப்பட்டு, வாகன நெரிசலில் மாட்டி, விமானத்தைக் கோட்டை விட்டுவிடுவோமோ என்று நெஞ்சு படபடக்க ஓடிவருவதைவிட, பக்கத்திலிருக்கும் இந்தச் சிறு கடற்கரை ஊரைப் பார்ப்பதே அறிவுடைமை என்பது எங்கள் கருத்து.

முதலில் ஒரு கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் பெரியவர்கள் இதில் தவறுவதுதான் வேடிக்கை. காலை 10 மணிக்கு இறங்குகிறோம், இரவு 8 மணிக்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். கையில் பத்து மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். குடிவரவு வரிசையில் நின்று வெளியே வர ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிட வேண்டும், அதையும் கழியுங்கள். போக அரை மணி, வர அரை மணி, ஆக ஒன்று. எதிர்பாராத தடங்கலுக்கென்று இன்னும் ஒன்று. மீதி நான்கு. இந்த நான்கு மணி நேரந்தான் உங்களுடையது. இதே கணக்கை ஆறு மணி நேர இடைவெளிக்குப் போட்டுப் பாருங்கள், விடை பூஜ்யம். ஆகவே ஆறு மணியோ அதற்குக் குறைவோ என்றால் வெளியே போகும் எண்ணமே வேண்டாம். ஏழு எட்டு மணி என்றால் ஏதேனும் ஓரிடத்தை மட்டும் பார்த்துத் திரும்பலாம். இரவு நேர இடைவெளியானால், பெண்பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு அலைவதைவிட உள்ளேயே படுத்துறங்குவது நல்லது. இலங்கையின் கடிகாரம் 2006 முதல் மீண்டும் நம் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது. முள்ளைத் திருப்பி வைக்கும் குழப்பமாவது இல்லை.

அடுத்தது அனுமதி. விமான நிலையத்துக்குள் இருக்கும்வரை நாம் வழிப்போக்கர். வாசலைத் தாண்டினால் அந்நாட்டு விருந்தினர். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவரானாலும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ளவரானாலும் நுழைவு அனுமதி தேவை. அதை இணையவழியாக முன்கூட்டியே பெறலாம். யாருக்குக் கட்டணம், யாருக்கு இலவசம், எத்தனை நாள் என்பவை அடிக்கடி மாறுகின்றன. ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே இலங்கை அரசின் குடிவரவுத் துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சென்ற ஆண்டு போனபோது இருந்த விதியை நம்பலாகாது.

பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை முதல் பாரிஸ் வரை ஒரே பயணச்சீட்டானால் பெரும்பாலும் பெட்டி நேரே போய்ச் சேரும். கைப்பையோடு நாம் வெளியே செல்லலாம். இருந்தாலும் சென்னையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்க. மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனித்தனிச் சீட்டுகள் வாங்கியிருந்தால் கதை வேறு. பெட்டியை நாமே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் கேட்பாரில்லை. அப்படிச் சீட்டு வாங்கியவர்கள் ஊர் பார்க்கும் ஆசையை அடுத்த முறைக்கு ஒத்திவைப்பது நலம்.

இனி ஊருக்குள் போவோம்.

நீர்கொழும்பைச் சிங்களத்தில் மீகமுவ என்பர். தேன் கிடைத்த ஊர் என்று பெயருக்குக் காரணக் கதை சொல்கிறார்கள். கடலுக்கும் பெரியதொரு களப்புக்கும் இடையே அமைந்த ஊர் அது. களப்பு என்றால் கடலோடு ஒரு வாயால் இணைந்த உப்பங்கழி. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பார்த்த பிள்ளைகள் அதைப் பலமடங்கு அகலமாக்கிக் கற்பனை செய்துகொள்ளலாம். இவ்வூரைச் சுற்றி விளைந்த கறுவாப்பட்டைக்காகவே போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் அடித்துக்கொண்டார்கள். 1644இல் ஊர் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1796இல் ஆங்கிலேயரிடம் வந்தது. டச்சுக் கோட்டையின் வாயில் வளைவு மட்டும் 1678 என்ற ஆண்டுக் குறிப்போடு இன்றும் நிற்கிறது. உள்ளே போகலாமென்று ஆவலோடு நெருங்க வேண்டாம், அங்கிருப்பது சிறைச்சாலை! ஊர் நடுவே ஓடும் கால்வாய்களில் தெற்கே கொழும்புப் பக்கம் செல்வது ஹாமில்டன் கால்வாய். ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது. கோட்டை வாயிலுக்கும் கால்வாய்க்கும் சேர்த்துக் கால் மணி நேரம் போதும்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் கோட்டைக்கு அருகே கடலோரத்திலுள்ள மீன் சந்தை. ‘லெல்லம’ என்பார்கள். நல்லவாட்டிலும் வீராம்பட்டினத்திலும் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இரைச்சலும் வாடையும் பழகியவையே. ஆனால் கருவாடு காயும் காட்சி வேறு. மணற்பரப்பு முழுவதும் விரிப்புகள் பரப்பி, பிளந்து உப்பிட்ட மீன்களை வரிசை வரிசையாகப் பெண்கள் அடுக்கி, வெயில் மாறமாறப் புரட்டிப் போடுகிறார்கள். தூரத்தில் ஒரு பக்கம் மட்டும் மிதப்புக்கட்டை கட்டிய ‘ஒருவ’ என்னும் பாய்மரத் தோணிகள் தென்படும். நம்முடைய கட்டுமரத்துக்கு அது ஒன்றுவிட்ட தங்கை எனலாம். ஞாயிற்றுக்கிழமையில் போனால் இச்சந்தையைக் காண முடியாது. அன்று அவர்கள் கடலுக்குப் போவதில்லை. ஊரே கோவிலில் இருக்கும்.

களப்பின் வாயில் நடக்கும் இறால் பிடிப்பு பள்ளிப் பாடத்தில் வைக்கத்தக்கது. கடல் வற்றும் நேரத்தில் களப்பு நீர் கடலை நோக்கி இழுக்கும். இறால்களும் அதனோடு போகும். அந்த ஓட்டத்தை எதிர்நோக்கிக் கழிகளை ஊன்றிப் பைபோன்ற வலைகளை இரவில் கட்டுவர். இதற்குக் ‘கட்டுதெல்’ என்று பெயர். ‘தெல்’ என்றால் சிங்களத்தில் வலை. நல்ல இடங்கள் சிலவே. பிடிக்க விரும்புவோரோ பலர். அடிதடி ஆகாமல் காப்பது எப்படி? நான்கு மீனவர் சங்கங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சங்கத்துக்குள்ளும் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்க்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை மோசமான இடம் விழலாம். இந்த உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வருவது. பொதுச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இம்முறையை ஆராய்ச்சியாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பெண்மக்களுக்கு அதில் இடமில்லை என்பதை மட்டும் நம் மாணவியர் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

நாங்கள் சென்றது ஒரு வியாழக்கிழமை முற்பகல். கருவாட்டுப் பாயருகே குந்தியிருந்த ஒரு மூதாட்டி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, ‘எங்கேருந்து வந்த, மகள்?’ என்று தமிழில் கேட்டார். புதுச்சேரி என்றோம். தம் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும்போது, ‘அவர் முல்லைத்தீவுப் பக்கம் போன’ என்றார். பிறகு தம்மைப் பற்றி, ‘நானும் ரெண்டு தரம் போன’ என்றார். பக்கத்தில் நின்ற பேத்தியைப் பார்த்து ஏதோ தமிழில் சொல்ல, அச்சிறுமி சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு ஓடினாள்.

‘நான் போன, அவர் போன’ என்பதைக் கேட்டு நம் தமிழ் வகுப்பில் யாரும் சிரித்துவிடக் கூடாது. அதில் ஓர் இலக்கணச் செய்தி இருக்கிறது. நம் தமிழில் வினைச்சொல்லின் கடைசி எழுத்துகளே ஆளைக் காட்டிக் கொடுக்கும்: போனேன், போனாய், போனான், போனாள், போனார்கள். பால், எண், இடம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இதைத்தான். நீர்கொழும்பு மீனவர் தமிழில் இந்த விகுதிகள் உதிர்ந்துவிட்டன. காரணம் சிங்களப் பேச்சுமொழி. அதில் ‘மம கியா’ என்றால் நான் போனேன். ‘எயா கியா’ என்றால் அவர் போனார். யார் போனாலும் ‘கியா’ ஒன்றுதான். பல தலைமுறைகளாக இரண்டு மொழியையும் ஒரே நாவால் பேசிப்பேசி, தமிழும் அந்த அச்சில் வார்ந்துவிட்டது. நம் ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிடக்கூடிய இத்தமிழை மொழியியலார் ஒரு தனி வகைத் தமிழாக மதித்து ஆராய்கிறார்கள். இலங்கையில் வேறெங்கும் தமிழ் இவ்வாறு மாறவில்லை என்பர்.

இவர்களின் முன்னோர் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் காலந்தோறும் கடல் கடந்து போனவர்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கராயினர். வீட்டிலும் கடலிலும் தமிழ், சந்தையில் சிங்களம் என்று நெடுநாள் வாழ்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கடற்கரைப் பள்ளிகளில் சிங்களம் பயிற்றுமொழியானது. பிள்ளை எந்த மொழியில் எழுதப் படிக்கக் கற்கிறதோ அந்த மொழியிலேயே பிறகு தன் பிள்ளையைத் தாலாட்டுகிறது. ஊரில் தமிழ் அடியோடு போய்விடவில்லை. விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி என்னும் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. கடற்கரைத் தெருவில் அம்மன் கோவிலும் பிள்ளையார் கோவிலும் இருக்கின்றன. ஆனால் மீனவக் கத்தோலிக்கரின் தமிழ் முதியோரோடு சுருங்கி வருகிறது. இதைக் கேட்டு வருந்தும் நம் பெற்றோரில் பலர், அடுத்த விமானமேறிப் பார்க்கப் போவதும் தமிழுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்லும் பேரப்பிள்ளைகளைத்தானே!

நீர்கொழும்புக்குச் ‘சின்ன ரோமாபுரி’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. தெருமுனைதோறும் ஒரு சுரூபக் கூண்டும், கூப்பிடு தூரத்தில் ஒரு கோவிலும் இருப்பதைக் கண்டால் காரணம் விளங்கும். பெரிய தெருவிலுள்ள புனித மரியன்னை கோவில் 1874இல் கட்டத் தொடங்கி 1922இல்தான் முடிந்தது. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். மேல் விதானம் முழுவதும் விவிலியக் காட்சிகள். என். எஸ். கோதமான்ன என்னும் உள்ளூர் ஓவியர் தீட்டியவை. அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம், கழுத்துத்தான் வலிக்கும்.

இவ்வளவு ஆடம்பரமான கோவில்கள் இருக்கும் மண்ணில் ஒரு காலத்தில் திருப்பலி நிறைவேற்றுவதே குற்றமாயிருந்தது. டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்து குருக்களை வெளியேற்றினர். 1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி, ஏழைத் தொழிலாளிபோல் வேடமிட்டு யாழ்ப்பாணத்தில் இறங்கினார். தமிழும் சிங்களமும் கற்றுக்கொண்டு, இரவு நேரங்களில் வீடுகளில் மறைவாக இறைமக்களைக் கூட்டி, 1711இல் கண்டியில் இறக்கும்வரை உழைத்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருக்குத் துணையாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். நம் வீரமாமுனிவர் இக்கரையில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர் அக்கரையில் எழுதிக்கொண்டிருந்தார். 1742இல் நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள போலவத்தையில் மறைந்தார். தபசுகாலத்தின் முடிவில் பயணம் அமைந்தால், களப்பின் வாயிலுள்ள துவ என்னும் திட்டில் நடக்கும் திருப்பாடுகளின் நாடகத்தைப் பற்றி விசாரியுங்கள். நாம் பாஸ்கா என்பதை அவர்கள் பாஸ்கு என்கிறார்கள்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் கட்டுவாப்பிட்டியிலுள்ள புனித செபஸ்தியார் கோவிலுக்குச் சற்று விலகிச் செல்லுங்கள். இது சுற்றிப்பார்க்கும் இடமன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலைத் திருப்பலியின்போது அங்கே வெடிகுண்டுத் தாக்குதல் நடந்தது. அந்த ஒரு கோவிலில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர், குழந்தைகள் பலர். அன்றைய தினம் நாடு முழுவதும் நடந்த தாக்குதல்களில் இறந்தவர் 260க்கும் மேல். கூரை பிய்ந்து போன அக்கோவில் மூன்றே மாதத்தில், ஜூலையில், மறுபடி திறக்கப்பட்டது. இரத்தம் தெறித்த ஆண்டவரின் சுரூபத்தைக் கழுவாமல் கண்ணாடிப் பேழைக்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள். படமெடுக்கும் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். எங்களுக்கு அங்கே பேச்சு எழவில்லை. ஒரு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்லிவிட்டு எழுந்தோம்.

சில சிறு குறிப்புகள். ஆட்டோவில் ஏறுமுன்பே போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். தமிழ் தெரிந்த ஓட்டுநர் கிடைப்பது அரிதன்று. பணம் கொஞ்சமாகவே மாற்றுங்கள். கோவிலுக்குப் போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பௌர்ணமி நாள் அந்நாட்டில் பொது விடுமுறை. கடைகள் பல மூடியிருக்கும். திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடம் உண்மையான நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே சொல்லிவையுங்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் பயணிகளை இலவசமாகவே பேருந்தில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். கட்டுநாயக்காவில் நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாகக் கருவாடு. லெல்லமவில் வாங்கிவந்தால் பிரான்சில் பிடுங்கிவிடுவார்களோ என்று பல தாய்மார் கேட்கிறார்கள். இப்போதைய ஐரோப்பிய விதிப்படி சொந்த உபயோகத்துக்காக ஆளுக்கு இருபது கிலோ வரை மீன் வகைகள் கொண்டுபோகலாம். தடை இருப்பது இறைச்சிக்கும் பால் பொருளுக்கும். மகனுக்கென்று இங்கிருந்து கிண்டிக் கொண்டுபோகும் பால்கோவாவுக்குத்தான் ஆபத்து. கருவாட்டைக் காற்றுப் புகாத பையில் இரண்டு மூன்று சுற்றாகக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பெரிய பெட்டி முன்னமே நேரே பாரிஸுக்குப் போயிருக்கும். ஆகவே இது கைப்பையில்தான் வரும். பத்து மணி நேரத்துக்கு மேல் பக்கத்து இருக்கைக்காரரும் நம்மோடு பயணம் செய்ய வேண்டுமல்லவா?